அண்ணி சொன்ன மஞ்சள் காய்ச்சல்

என் அண்ணி ஜீவரத்தினத்திடம் வாய் தவறி மஞ்சள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும். நியூஜெர்சியில், எடிசனில், என் அண்ணன் சுந்தர்சிங் வீட்டில் தங்கி நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டு லைப்ரரி புத்தகத்தைப் பிரித்தால், அதில் யாராவது மஞ்சள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருப்பார்கள்.

"இந்த நாவல் எழுதறவங்களுக்கு வெக்கமே இல்ல கிருபா," என்பார். "கதாநாயகி வெள்ளத் தலகாணில படுத்து அழகா சாவா. கறுப்பு கறுப்பா வாந்தி எடுத்திருப்பாளே, அந்த பெட்ஷீட்ட யார் தொவச்சாங்கன்னு ஒருத்தனும் எழுத மாட்டான்!"

அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருவது 1793இல் ஃபிலடெல்ஃபியாவில் பரவிய காய்ச்சலை நினைத்துத்தான். வசதி இருந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கைகுலுக்குவதை நிறுத்திவிட்டு, வினிகரில் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார்கள். பக்கத்திலேயே தொட்டித் தண்ணீரில் கொசு பெருகிக்கொண்டிருந்தது. கொசுதான் காரணம் என்று தெரிய இன்னும் நூறு வருஷம் ஆக வேண்டியிருந்தது. கறுப்பின மக்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று யாரோ கதை கட்டிவிட, நோயாளியைத் தூக்கவும் பிணத்தைப் புதைக்கவும் அவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வந்தார்கள், செத்தும் போனார்கள். பனி விழுந்து கொசு செத்துக் காய்ச்சல் அடங்கியதும் ஓடிப்போன பெரிய மனிதர்கள் ஊர் திரும்பினார்கள். கடைசியில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களையே திருடர்கள் என்று புத்தகம் அச்சடித்து விற்றார்கள்.

எங்கள் சர்ச்சில் அமலி என்று ஒருத்தி. அப்போதுதான் கல்யாணமாகி ஊரிலிருந்து வந்திருந்தாள். கர்ப்பத்தில் சிக்கலாகி, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் ஆபீஸ் போய்விடுவான். அண்ணிதான் டியூட்டி முடிந்த கையோடு அங்கே போய் அவளுக்குத் தலைவாரி, ரசஞ்சோறு ஊட்டிவிட்டு வருவார். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அமலி ஒருநாள் என் எதிரிலேயே அவர் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ளைக்கு நீங்கதான்க்கா ஞானத்தாய். வேற யாரும் கிடையாது."

ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி, இனி இது எனக்கும் பிள்ளை என்று கர்த்தருக்கு முன்னால் சொல்கிறவள் ஞானத்தாய். அண்ணி லேஸுக்குப் பேர்போன நாகர்கோவில்காரி. அன்றிரவே வெள்ளை நூலை எடுத்து, குழந்தையின் கவுனுக்கு லேஸ் பின்ன உட்கார்ந்துவிட்டார்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. 1985, இலை உதிர்கிற சமயம். எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில் அந்த மாதம் அண்ணியைப் பேசச் சொன்னார்கள். வேறென்ன பேசுவார்? ஃபிலடெல்ஃபியாதான். கூட்டமே கண்ணைத் துடைத்தது. அமலி விசும்பி விசும்பி அழுதாள். "நான் மட்டும் அங்க இருந்திருந்தா ஓடியே இருக்க மாட்டேன்க்கா," என்றாள்.

சாப்பிடும்போது அண்ணி சாதாரணமாகச் சொன்னார். "எங்க ஆஸ்பத்திரில எய்ட்ஸ் பேஷண்ட்ஸ்க்கு தனி வார்டு open பண்ணிருக்காங்க. உள்ள போகவே பயந்துகிட்டு சாப்பாட்டு ட்ரேய கதவுக்கு வெளியவே வச்சிட்டுப் போறாங்க, பாவிங்க. நான் பேர் குடுத்துட்டேன்."

யாரோ, இந்த வருஷம் ஸ்நோ அதிகமாமே என்றார்கள்.

அடுத்த வாரம் அண்ணி அமலிக்குப் பிரியாணி செய்து எவர்சில்வர் தூக்கில் கொடுத்தனுப்பினார். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். அமலியின் புருஷன் பெல் அடிக்காமல் வாசலில் தூக்கை வைத்துவிட்டுப் போயிருந்தான். திறந்தேன். வெறும் தூக்கு. குப்பென்று ப்ளீச் நாற்றம் மூக்கில் ஏறியது.

"பச்சப் புள்ளக்காரி, பயந்திருப்பா," என்றார் அண்ணி. எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அண்ணி விடவில்லை.

ஞானஸ்நானம் எப்போது என்று போனில் கேட்டால், "பாஸ்டர் ஊர்ல இல்லக்கா, postpone பண்ணிட்டோம்," என்றாள். அண்ணியும் நம்பி, கவுனை இஸ்திரி போட்டுக் காகிதத்தில் சுற்றி வைத்தார். பிறகு ஒருநாள் ஓக் ட்ரீ ரோடு கடையில், கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்த எங்களிடம் பாஸ்டரே வந்து விசாரித்தார். "அமலி பாப்பா ஞானஸ்நானத்துக்கு நீங்க ஏம்மா வரல? உங்களுக்கு டியூட்டின்னு சொன்னா."

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அண்ணி இறங்கவே இல்லை.

"மத்தவங்கள விடு கிருபா. இவ அழுதாளே! நான் சொன்னதக் கேட்டு அப்படி அழுதாளே!" என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வார்டில் அண்ணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளில்லாமல் செத்துக்கொண்டிருந்த பையன்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பெட்ஷீட்டுகளை மாற்றினார். எங்கள் கூட்டத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு மூன்று குளிர்காலம் போயிருக்கும். வேலை கிடைத்த பிறகும் நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். தட்டிலும் தம்ளரிலும் அந்த நோய் ஒட்டாது என்று டிவியில் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனதில் பதிந்த பிறகு அமலி வந்தாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் மூடி போட்ட கிண்ணம் நிறையப் பாயசம்.

"அப்ப எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. மனசுல வச்சிக்காதீங்க."

அண்ணி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஃபிலடெல்ஃபியாலயும் பனி விழுந்தப்புறம்தான் எல்லாரும் திரும்பி வந்தாங்க," என்றார்.

"எந்த ஃபிலடெல்ஃபியாக்கா?" என்று கேட்டாள் அமலி.

அடிப்பாவி! சத்தியமாக அவளுக்கு நினைவில்லை. அண்ணி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். பாயசத்தை வேறு பாத்திரத்தில் ஊற்றி, கிண்ணத்தைக் கழுவித் துடைத்தார். பழக்க தோஷத்தில் கை சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டது. டப்பாவை மூடிவிட்டு வந்து, வெறும் கிண்ணத்தை அமலியிடம் நீட்டினார்.

அமலி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

அம்மாவின் தோள்மேல் இருந்து குழந்தை கையை ஆட்டியது. "பை, ஆன்ட்டி!"

ஆன்ட்டியாம். கடையில் பில் போடுகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி, ஆன்ட்டி. அண்ணி சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். கதவைச் சாத்திய பிறகுதான் அழுதார்.