வீரணன் ஓட்டாத கார்

விளாங்குடி வீரணனைப் பற்றி யாராவது என்னிடம் வந்து "நல்ல மனுஷன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றார்கள்? அவருக்கு மோட்டார் இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு நான். அவருடைய நல்ல குணத்தில் பாதியை நான் அல்லவா அனுபவித்தேன்.

என் பெயர் துளசிராம். எங்கள் ஜனங்கள் தறி, ஜவுளி என்று நிம்மதியாக இருந்தார்கள். நான் மட்டும் மதுரையில் மோட்டார் வைத்திருந்தவர்கள் பின்னால் பாலிசி, பாலிசி என்று அலைந்துகொண்டிருந்தேன். வீரணன் சம்சாரி, விவசாயம் செய்கிறவர். முப்பத்தெட்டாம் வருஷம் கிணற்றோடு இருந்த தோட்டத்தை விற்று, வாடகைக்கு விட ஒரு பழைய கார் வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் வைத்திருந்த பேயாண்டிதான் டிரைவர். வீரணன் தோளில் துண்டோடு முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்.

பாலிசி எடுத்த அன்றே நான் படித்துப் படித்துச் சொன்னேன். லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டி ஏதாவது ஆனால் கம்பெனி சல்லிக்காசு தராது என்று. "நான் எதுக்குத் தம்பி அதத் தொடப்போறேன்? பேயாண்டி இருக்கான்ல" என்றார். கடைசி வரை அவர் தொடவும் இல்லை. நினைத்தால் அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், திண்டுக்கல் ரோட்டில் சவாரியை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பரவையைத் தாண்டி ஒரு சின்ன ஊர் பக்கம், கோயில் மாடு குறுக்கே பாய்ந்துவிட்டது. பேயாண்டி வண்டியை ஒடித்துத் திருப்பப் பார்த்தான். மாட்டையும் இடித்து, புளியமரத்திலும் போய் முட்டியது வண்டி. மாடு அங்கேயே உயிரை விட்டது. இருவரும் ரோட்டில் விழுந்து கிடந்தார்கள்.

வேறு மாடாக இருந்தால் விலையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அது மஞ்சுவிரட்டில் முதலில் அவிழ்த்துவிடுகிற மாடு. அது செத்தால் ஊரே தலைமுழுகும், பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள், மேளம் வைத்து மாலை போட்டுக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். போதாத காலம், அது பேயாண்டியின் மாமனார் ஊர். அவன் பெண்டாட்டி அன்னக்கொடி பிரசவத்துக்கு வந்து அங்கேதான் இருந்தாள். மாட்டைக் கொன்றது அந்த ஊர் மாப்பிள்ளை என்று தெரிந்தால் அவனும் அவளும் அதற்குப் பிறகு அந்த ஊர் எல்லையை மிதிக்க முடியாது.

வயலிலிருந்து ஆட்கள் ஓடிவந்து, யார் ஓட்டியது என்று கேட்டார்கள். பேயாண்டி வாயைத் திறப்பதற்குள் வீரணன் முந்திக்கொண்டார்.

"வண்டிய நாந்தேன் ஓட்டுனேன்."

அதோடு விட்டாரா? மொட்டை போட்டார், மாட்டை எடுத்துப் புதைத்த செலவை ஏற்றார், தன் தொழுவத்துக் காளை ஒன்றைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டார். ஊர் மனமிறங்கி மன்னித்தது.

பேயாண்டி என் வீட்டு வாசலில் நின்று அழுதபடி நடந்ததைச் சொன்னான். சரி போகட்டும், ஊருக்குச் சொன்னது ஊரோடு இருக்கட்டும், கம்பெனிக்கு உண்மையைச் சொன்னால் பணம் வந்துவிடும், வண்டியைச் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். நான் சொல்வதற்குள் மெட்ராஸிலிருந்து வந்த ஆபீசர் நேரே அந்த ஊருக்குப் போய் விசாரித்துவிட்டார். ஊரே ஒரே குரலில் வீரணன்தான் ஓட்டினார் என்றது. மொட்டைத் தலையைச் சாட்சியாக வேறு சொன்னார்கள். அவருக்கு லைசென்ஸ் இல்லை. அப்புறம் என்ன, பணம் கிடையாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

விளாங்குடிக்கு ஓடினேன்.

"அண்ணே, ஆபீசர் இன்னும் ஊர்லதான் இருக்காரு. உண்மையைச் சொல்லிடுங்க. அவர் என்ன தண்டோராவா போடப்போறாரு?"

"எழுதி வப்பாருல்ல?"

"வைப்பாரு. அதனால என்ன?"

"எழுதுனத எவனாச்சும் படிப்பான். படிச்சவன் எங்கிட்டாவது பேசுவான்."

"தோட்டமும் போச்சு. இப்ப காரும் போகுதேண்ணே."

"போகட்டும். அன்னக்கொடி நாளைக்குப் புள்ளயத் தூக்கிக்கிட்டு அவ அப்பன் ஆத்தாளப் பாக்க வரப்போக இருக்கணும். அம்புட்டுத்தேன்."

இந்த ஆளோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஆபீசர் தங்கியிருந்த லாட்ஜுக்கே போனேன். ஓட்டியது பேயாண்டி, அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மறுநாள் ஆபீசர் வீரணனைக் கூப்பிட்டு, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இவர் சொல்வது நிஜமா என்று கேட்டார்.

வீரணன் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை.

"தம்பி தங்கமான மனுசன் சாமி. நான் படுற பாட்டப் பாத்துட்டு எனக்காகப் பொய் சொல்லுறாரு."

முடிந்தது கதை. பாலிசிக்காரனோடு சேர்ந்துகொண்டு கம்பெனியை ஏமாற்றப் பார்த்தவன் என்று என் ஏஜென்சியைப் பிடுங்கிவிட்டார்கள். வாழ்நாளில் நான் சொன்ன ஒரே ஒரு பெரிய உண்மைக்குக் கிடைத்த மரியாதை அது. அண்ணன் கடையில் சேலை மடிக்கப் போனேன். வீரணன் தன் வீட்டுக் கொல்லையில் நசுங்கிக் கிடந்த காரைக் கோழிகளுக்கு விட்டுவிட்டு, அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழப் போனார்.

ரொம்ப நாள் கழித்துக் கோரிப்பாளையம் முக்கில் அவரைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பினேன். விடவில்லை, சாலையைக் கடந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவமா தம்பி?"

"பின்ன? ஆபீசர் முன்னால என்னைப் பொய்யனாக்கிட்டீங்களேண்ணே."

பிடித்த கையை அவர் விடவில்லை.

"வேற என்ன செய்யச் சொல்றீக? நான் பொய்யன்னு ஆனா ஒரு குடும்பம் ஊருக்கு ஆகாமப் போகும். நீங்க பொய்யர்னு ஆனா வேல மட்டுந்தேன் போகும். ரெண்டுல ஒண்ணுன்னா, கேக்காம எடுத்துக்குற உரிம எனக்கு உங்ககிட்டத்தேன் இருந்துச்சு."

திட்டுவதற்கென்று எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டு, வாங்கண்ணே, காபி சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காபிக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.