வெசூவியஸைக் கண்ட திருச்சுழிக்காரர்

1946, மாசி மாதம். மதுரையில் காலை ஆறரைக்குக் கிளம்பிய அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரிவாயு பஸ், முப்பது மைல் தள்ளி அருப்புக்கோட்டையில் என்னை இறக்கியபோது மணி ஒன்பது. அங்கிருந்து திருச்சுழிக்கு மாட்டு வண்டியில் பத்து மைல். இருபுறமும் வெடித்த கரிசல். கண்ணுக்கெட்டிய வரை மேடென்று ஒன்றில்லை.

நான் கல்லூரியில் லத்தீன் கற்பிப்பவன். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் வெசூவியஸ் எரிமலை ஊர்களைப் புதைத்தபோது, தாம் கண்டதையும் தப்பியவர்கள் சொன்னதையும் ரோமானிய இளைஞர் ஒருவர் பின்னாளில் கடிதமாக எழுதினார். அதை எவ்வளவு நம்பலாம் என்பதே என் ஆராய்ச்சி. 1944இல் அம்மலை மறுபடி வெடித்தபோது அங்கே ராணுவ லாரி ஓட்டிய முத்திருளன் திருச்சுழியில் இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார்.

முத்திருளன் பெயரைச் சொன்னதும், "அவுகளா?" என்றார் வண்டிக்காரர். "தலையில அடிபட்டுப் புத்தி கலங்கிருச்சுன்னு மாமனாரு மகளக் கூட்டிட்டுப் போயிட்டாக."

உச்சி வெயிலில் வீட்டை அடைந்தோம். முத்திருளனுக்கு முப்பது வயதிருக்கும். வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் இறுகியது.

"அதக் கேக்காதீக சார். சனங்க தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு, தலகாணியக் கட்டிக்கிட்டு ஓடுனாகன்னு சொன்னேன். ஊரே சிரிச்சிருச்சு."

கல்மழைக்கு அஞ்சித் தலையில் தலையணை கட்டிக்கொண்டதாக அந்த ரோமானியரின் கடிதத்திலும் இருக்கிறது. எழுதியவரின் கற்பனை என்று நான் ஒதுக்கியிருந்த இடம் அது. இதை அவரிடம் சொன்னேன். கேட்டதும் அவர் பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னார்.

கடிதம் சொல்வதுபோல் கடல் உள்வாங்கியதா என்று கேட்டேன். "கடக்கரப் பக்கம் நான் போகல சார். தெரியாது."

பிறகு கேட்டார்: "இத எம் மாமனார்ட்டச் சொல்வீகளா?"

அதே வண்டியில் திரும்பி, மாலையில் அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில் மாமனார் வீட்டில் இருந்தோம். கடிதத்தில் உள்ளதைத் தமிழில் சொன்னேன். பெரியவர் உற்றுக் கேட்டார்.

"எழுதுனவரு மாப்பிள்ள கூடப் பட்டாளத்துல இருந்தவரா?"

"இல்லை ஐயா. அவர் இறந்தே ஆயிரத்தெண்ணூறு வருஷம் இருக்கும்."

கதவோரம் நின்ற முத்திருளனின் மனைவி காளியம்மாள் கணவரைக் கேட்டார்: "பட்டாளத்துல இரும்புத் தொப்பி குடுப்பாகளே. ஒங்க தலையில எப்பிடி அடிபட்டுச்சு?"

முத்திருளன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "லாரியில ஏற வந்தவ கையில பச்சப்பிள்ள. தொப்பிய அதுக்குக் கவுத்துட்டேன்."

காளியம்மாள் அருகே வந்து, அவர் தலைமுடியை விலக்கித் தழும்பைப் பார்த்தார். தன் அப்பாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். என்னிடம் மெல்லக் கேட்டார்: "வண்டியில எனக்கு எடமிருக்குமா சார்?"

மதுரை பஸ் சாலையில் என்னை இறக்கிவிட்டு, வண்டி அவ்விருவருடன் திருச்சுழி நோக்கிக் கிழக்கே திரும்பியது.

கல்மழையும் தலையணையும் நம்பத் தகுந்தவை, கடலைப் பற்றி இவர் சாட்சியால் எதுவும் சொல்வதற்கில்லை என்று கட்டுரையில் எழுதினேன். எழுதாத ஒன்று உண்டு. அந்த ரோமானியரிடம், நடந்ததைச் சொல் என்று ஒருவர் வேண்டிக் கேட்டிருந்தார். அதனால்தான் கடிதமே பிறந்தது. முத்திருளனைக் கேட்டவர்களெல்லாம் சிரிக்கத்தான் கேட்டார்கள்.