டொரத்தி நகர்த்திய அயனி

டொரத்தி பதினான்கு வருடம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சாயத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். சாயம் கையில் ஒட்டாமல் சாய வேலை செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டு, நாற்பத்தோராவது வயதில் கணினி வேதியியலில் முதுகலை முடித்தாள். இப்போது தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் உள்ள சிறிய ஆய்வு நிறுவனத்தில் மூலக்கூறுகளைக் கணக்கிடுகிறாள்.

சென்ற மார்ச்சில் அவளுக்கும் பக்கத்து மேசை முகுந்தனுக்கும் மனஸ்தாபம் வந்தது. இருவருக்கும் ஒரே நீலச் சாயத்தின் மூலக்கூறைக் கொடுத்திருந்தார்கள். நேர்மின்னூட்டம் ஒன்று அதிகமாக உள்ள அயனி அது. அதற்குள் நேரும் எதிரும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்லும் டைபோல் மதிப்பை, ஒருவரை ஒருவர் சரிபார்ப்பதற்காக, ஆளுக்கொரு மென்பொருளில் கணக்கிட வேண்டும். முகுந்தனுக்கு 6.9 டிபை வந்தது. டொரத்திக்கு 21.4.

இரண்டு வாரம் ஓடியது. இருவரும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினார்கள், எண்கள் அசையவில்லை. முகுந்தன் அவளுக்கு, தொடக்கநிலையினருக்கான ஒரு பாட வீடியோவை அனுப்பிவைத்தான். டொரத்தி அவனுக்குக் கறிபாப் பலகாரம் கொண்டுவருவதையும் அவனோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை அறிக்கைக்குப் படம் எடுக்க உட்கார்ந்தாள். மூலக்கூறு திரையின் ஓரத்தில் தொங்கியது. அழகாக இருக்கட்டுமே என்று எக்ஸ் திசையில் பத்து ஆங்ஸ்ட்ராம் தள்ளி வைத்தாள். அதை மறந்துவிட்டு அதே கோப்பைக் கணக்குக்கும் கொடுத்துவிட்டாள். ஆற்றல் கடைசி இலக்கம்வரை அப்படியே இருந்தது. டைபோலின் எக்ஸ் பகுதி மட்டும் 48.03 கூடியிருந்தது.

கணினி கெட்டுவிட்டது என்றே நினைத்தாள். ஒரே ஒரு ஆங்ஸ்ட்ராம் தள்ளினாள், 4.80 கூடியது. பின்னால் இழுத்தாள், 4.80 குறைந்தது. மின்னூட்டம் இல்லாத தண்ணீர் மூலக்கூறை எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அது எங்கே போனாலும் மதிப்பு மாறவில்லை. அதில் நேரும் எதிரும் சமம், எங்கிருந்து அளந்தாலும் ஒன்றுதான். சாயத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம், தள்ளிய தூரத்தையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தப் பார்த்தாள், விக்கலும் சேர்ந்து வந்தது. முகுந்தன் தண்ணீர் போத்தலோடு எழுந்து வந்தான்.

"முகுந்தா, நீ எங்கேருந்து அளக்கிறே?"

"என்னக்கா, எங்கேருந்துன்னா?"

"சைபர் எங்க இருக்கு உனக்கு?"

தேடிப் பார்த்தார்கள். அவனுடைய மென்பொருள், அளவு தொடங்கும் சைபரைக் கேட்காமலே மூலக்கூறின் நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது. அவளுடையது கோப்பில் இருக்கும் சைபரையே வைத்துக்கொள்கிறது. அது வெட்டவெளியில் கிடந்தது.

"அப்போ ரெண்டு பேருமே கரெக்ட் லா" என்றான் முகுந்தன், நம்ப முடியாமல்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் யாரும் வேலை செய்யவில்லை. கிள்ளான் ஸ்டேசனைச் சைபராக வைத்தால் பிரிக்பீல்ட்ஸ் மேசையில் இருக்கும் அயனிக்கு என்ன டைபோல் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தார்கள். பதினாறு இலக்கத்தில் ஓர் எண் வந்தது. அதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினான் முகுந்தன். பிறகுதான் வேலை நினைவு வந்து, இருவரும் மூலக்கூறின் எடை சமன்படும் நிறை மையத்தையே சைபராக வைத்து மறுபடி ஓட்டினார்கள். 6.71. இரண்டு திரையிலும் 6.71.

நிறுவனத் தலைவர் டாக்டர் பிரெண்டாவிடம் போய்ச் சொன்னபோது, அவர் சிரிக்கவில்லை. சென்ற வருடம் தான் எழுதிய அறிக்கையைத் திறந்தார். ஏழு அயனிகளின் டைபோல்கள் அட்டவணையாக நின்றன.

"எங்கேருந்து அளந்தேன்னு எழுதவே இல்ல, டொரத்தி" என்றார் மெதுவாக. "சரிபார்த்தவங்களும் கேட்கல."

பிறகு அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அன்றே மூவருமாக ஏழு அயனிகளையும் நிறை மையத்திலிருந்து கணக்கிட்டுத் திருத்தம் அனுப்பினார்கள். பகலுணவு மறந்தே போய், நாலு மணிக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

வீடு திரும்பும் ரயிலில் டொரத்தி கணவர் கிரிகரியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பொறுமையாகக் கேட்டவர், "இதுக்கா ரெண்டு வாரம் அந்தப் பையன்கூட பேசாம இருந்தே?" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். கிள்ளான் வந்ததும் கதவு திறந்ததும் மூடியதும் அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஸ்டேசனான தெலுக் பூலாயில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்காக இருபது நிமிடம் நின்றாள். அதற்கும் சிரித்தாள்.