மாரப்பன் தப்பிய கும்மி

தமிழக-கேரள எல்லை ஊரான வேலந்தாவளத்தில் எங்கள் கும்மிக் குழுவுக்கு வெகுகாலமாகப் பாட்டுக் கட்டுபவர் சரசக்கா. இந்த வருச நோம்பித் திருவிழாவுக்கு மாட்டுத் திருடன் மாரப்பன் கதை. ஒத்திகையில் துள்ளலாகப் போன பாட்டு, போலீஸ் அவனைச் சுட்டுக் கொல்லும் இடம் வந்ததும் படுத்துவிட்டது. எங்களுக்குக் கைதட்டவே வரவில்லை. மறுநாள் அரங்கேற்றம்.

"செத்தவனுக்கு எப்படிங்க அக்கா கும்மி அடிக்கிறது?" என்றேன்.

"அப்ப நீயே காப்பாத்து கண்ணு. காலேஜ் போறவதானே!"

"எல்லைக்கு இந்தப்பக்கம் நம்ம மாட்டுச் சந்தைக்குள்ள ஓடியாரட்டுங்க. எல்லை தாண்டீட்டா அந்தப்பக்கத்துப் போலீசு என்ன பண்ணும்?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே வரிகளை மாற்றினார். மாரப்பன் மாடுகளுக்கு நடுவே மறைய, செக்போஸ்டில் போலீஸ் முழித்து நிற்கும்!

நோம்பியில் அந்த இடத்துக்கு ஊரே கைதட்டியது. "திருடனைத் தப்பவிட்டவ இவதானுங்க" என்று மைக்கில் என்னைக் காட்டினார் அக்கா. கல்லூரியில் பரிசுகள் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் சொன்ன சொல்லுக்கு ஒரு ஊரே ஆடியது அன்றுதான்.