ழகரம் வராத குரல்

ரோகிணியின் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ரோகிணி, அவள் கணவன் கேசவன், அப்புறம் அப்பாசாமி. இந்த மூன்றாவது ஆள் ஆளே இல்லை; கம்ப்யூட்டரின் குரல். திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டுகிற குரல். அவள் பிறந்த அச்சரப்பாக்கத்து ரேஷன் கடையில் அந்தக் காலத்தில் அப்பாசாமி என்று ஒருவர் இருந்தார். உயிரோடிருப்பவர் பேரையும் செத்தவர் பேரையும் ஒரே தொனியில் கூப்பிடுவார். கம்ப்யூட்டரும் அதே தொனியில் வாசித்ததால் அந்தப் பேரே அதற்கும் ஒட்டிக்கொண்டது.

ரோகிணிக்குப் பத்து வயதில் ஒரு காய்ச்சலில் கண் போனது. அதற்குள் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் கற்றிருந்ததால், எழுத்துகளின் உருவம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. பார்வையற்றோர் பள்ளியில் படித்தாள், டைப்ரைட்டிங் பாஸ் செய்தாள், கேசவனைக் கட்டிக்கொண்டு கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்துக்கு வந்தாள். கேசவன் அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் டெக்னீஷியன். மாயவரத்துத் தமிழ் வாத்தியார் பிள்ளை. எல்லாம் சரி, ஆனால் ழகரம் என்று வந்துவிட்டால் மனுஷன் கொஞ்சம் பைத்தியம். கல்யாணமான புதிதில் ரோகிணி "வாயப்பயம்" என்றாள். "வாழைப்பழம்," என்றான் கேசவன். "அதான், வாயப்பயம்." "நாக்கை மடி. ழ... வாழைப்பழம்." ஒரு சீப்புப் பழம் தீர்வதற்குள் நாக்கு மடிந்துவிட்டது. ஆனாலும் கோபம் வந்தாலோ மனம் கலங்கினாலோ நாக்கு பழைய ஊருக்கே பஸ் ஏறிவிடும்.

அப்பாசாமிக்கும் ழ வராது. "மளை பெய்தது" என்று வாசித்தால், குளியலறையில் இருந்தாலும் கேசவன் அங்கிருந்தே "மழை!" என்று குரல் கொடுப்பான். எந்திரத்துக்குப் பாடம் நடத்துகிற ஒரே வாத்தியார் பிள்ளை இவன்தான் என்று ரோகிணி சிரிப்பாள்.

அப்பாசாமி வந்த பிறகுதான் அவள் தனக்காகத் தானே படிக்க ஆரம்பித்தாள். அதற்கு முன் யாராவது படித்துக் காட்ட வேண்டும். "இன்னொரு தரம் படிங்க" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். அப்பாசாமியிடம் அந்தக் கூச்சம் இல்லை. ஒரே வரியைப் பத்துத் தடவை வாசிக்கச் சொன்னாலும் பெருமூச்சு விடமாட்டார்.

அந்தக் குரல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது. 2008ஆம் வருஷம் அதன் புது வெளியீடு வந்தது. கேசவனின் நண்பன் உலகநாதன் ஒரு காகித உறையில் போட்டுக் குறுந்தகட்டைக் கொடுத்தான். புதிதில் குரல் இன்னும் தெளிவாக இருக்குமாம். மனைவிக்கு நல்ல குரலாகக் கேட்கட்டுமே என்ற ஒரே ஆசையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டுப் புதிதை ஏற்றினான் கேசவன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

எல்லாம் வந்தது. திரையில் படம் வந்தது, இணையம் வந்தது, பிரிண்டர்கூட வந்தது. குரல் மட்டும் வரவில்லை.

கேசவன் ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டினான். திரை ஓரத்தில் இருந்த ஒலி அடையாளத்தை அமுக்கிப் பார்த்தான். முழுதாகத் திறந்துதான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஏற்றினான். இணையத்தில் தேடி, எவனோ ஒரு புண்ணியவான் எழுதிய கட்டளைகளைத் தட்டினான்; இருந்த படமும் போய்த் திரை கறுப்பானது. திரும்பவும் ஏற்றினான். ஒரு வாரம் இப்படியே போனது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானாலும் பரவாயில்லை, குரங்காவது சத்தம் போடும்; இது அதையும் செய்யவில்லை. "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேன் ரோகிணி," என்று அவன் சொல்லும்போது அவன் குரலும் உள்ளே போயிருந்தது. அவளுக்குக் கம்ப்யூட்டரைவிட அவனைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது.

ஈடுகட்டுவதற்காகக் கேசவன் தினமும் அவளுக்குப் படித்துக் காட்டினான். ஒரு இணைய இதழில் வாராவாரம் வந்த தொடர்கதையை அவள் விடாமல் கேட்டு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிற வடிவு என்ற பெண்ணின் கதை. வடிவுக்கு வயிற்றில் ஆறு மாதம். கேசவன் நன்றாகவே படித்தான். ழ எல்லாம் முத்து முத்தாக விழுந்தது. ஆனால் அந்த வார அத்தியாயத்தின் நடுவில் ஓரிடத்தில் நின்றான். மவுஸின் சக்கரம் கரகரவென்று நீளமாக உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "வடிவு விடிகாலையில் எழுந்து உப்பு வாரப் போனாள்," என்று படிக்க ஆரம்பித்தான்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அவ்ளோ வேலை செய்யறாளா?"

"எழுதினவர் மறந்துட்டார் போல," என்றான் கேசவன்.

எழுதினவர் மறக்கவில்லை என்று ரோகிணிக்கு அந்தச் சக்கரத்தின் சத்தம் சொல்லிவிட்டது. எதைத் தாண்டிப் போனான் என்பதும் தெரிந்துவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்தது. மயக்க மருந்து தெளிந்து எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண். அழாமலே வந்து அழாமலே போனது. அவள் கையில் ஒரு தரம்கூடக் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தவன் கேசவன் மட்டும்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவன் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. குழந்தை என்ற சொல்லையே வீட்டில் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை 'வாண்டு' என்பான், 'பொடிசு' என்பான், அந்தச் சொல்லை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவான். அவள் கேட்டால் அவன் உடைந்துபோவான் என்று அவளும் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் இப்படிக் காப்பாற்றியே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

கேசவன் அன்பினால் தாண்டினான், அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அப்பாசாமி எதையும் தாண்டமாட்டார். அவருக்கு அன்பு கிடையாது. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டே ஆக வேண்டும். அதற்கு அப்பாசாமி வாய் திறந்தாக வேண்டும்.

மறுநாள் கேசவன் காலை ஷிப்டுக்குப் போனதும் அவள் ஊரப்பாக்கத்துக்குப் போன் போட்டாள். அங்கே பரணிதரன் இருந்தான். அவளோடு பள்ளியில் படித்தவன், அவனுக்கும் கண் தெரியாது, அவன் வீட்டிலும் இதே லினக்ஸ்.

"எனக்கும் இதே பேஜாருதான் ஆச்சு," என்றான் பரணிதரன். "மேல தெரியற ஒலிய நம்பாத. உள்ள தனித்தனியா கதவு கீது. புதுசா ஏத்தும்போது அதுல ஒண்ண மூடியே வச்சிட்றானுங்க. ஒரு கட்டளை சொல்றேன், அடி. தூணு தூணா வரும். ஒவ்வொரு தூணுக்குக் கீழயும் ரெண்டு இங்கிலீசு எழுத்து இருக்கும். ஓ ரெண்டு இருந்தா தொறந்து கீதுன்னு அர்த்தம். எம் ரெண்டு இருந்தா மூடிக் கீது. அந்தத் தூணுக்குப் போயி எம்மைத் தட்டுனா தொறந்துக்கும். ஆனா ஒண்ணு, கண்ணு தெரிஞ்சவங்க யாராச்சும் பக்கத்துல வோணும்."

கண் தெரிந்தவருக்கு எங்கே போவது என்று அவள் யோசிக்கும்போதே வாசலில் மீன் வாசம் வந்தது. பின்னாலேயே ஆதியம்மாளின் குரல் வந்தது. "கண்ணு, சங்கரா கீது, நெத்திலி கீது. இன்னா வோணும்?"

ஆதியம்மாள் பக்கத்துக் குப்பத்துக்காரி. புருஷன் தேசப்பன் கடலுக்குப் போவார், இவள் கூடை தூக்குவாள். வருஷக்கணக்காக இந்த வாசலுக்கு வருகிறவள்.

"அக்கா, கூடைய எறக்கி வச்சிட்டு உள்ள வாங்க. ஒரு ஒத்தாசை."

"இன்னாது, பொட்டி இன்னும் வாய தொறக்கலியா?"

"நீங்கதான் தொறக்கணும்."

"நல்லா சொன்ன போ. என் பேரையே நான் எழுதத் தெரியாம ரேகை வச்சிகினு கீறேன்."

"படிக்க வேணாம். என்ன தெரியுதோ அதச் சொன்னாப் போதும்."

ஆதியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். ரோகிணி பரணிதரன் சொன்ன விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"கறுப்பா ஒரு பொட்டி வந்துச்சி."

ரோகிணி கட்டளையை அடித்தாள்.

"அய்ய! கலர் கலரா தூணு நிக்குது கண்ணு. கோயில் மண்டபம் மாரி."

"தூணுக்குக் கீழ பாருங்க. என்ன இருக்குது?"

"முட்ட. ரெண்டு ரெண்டு முட்ட வச்சிகீறான்."

"எல்லாத்துக்கும் முட்டையா?"

ஆதியம்மாள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனது அவள் மூச்சில் தெரிந்தது. "இரு... மூணாவது தூணுக்கு முட்ட இல்ல. நண்டு கால மடக்கினு குந்திகீற மாரி கோணகோணயா ரெண்டு கீது."

நண்டுக்கால். ரோகிணி மனதில் ஒரு கரும்பலகை எழுந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் சாக்பீஸால் இரண்டு மலை வரைந்து, இதுதான் எம் என்றது நினைவுக்கு வந்தது. அம்புக்குறி விசையை அழுத்தி மூன்றாவது தூணுக்குப் போனாள். "நா இப்ப அங்கதான் நிக்கறேனா?"

"ஆமா, அந்தத் தூணுக்குத்தான் பேரு செவப்பாயிகீது."

அவள் எம்மைத் தட்டினாள்.

"முட்டையாயிருச்சி!" என்று கத்தினாள் ஆதியம்மாள்.

ரோகிணி குரலைக் கூப்பிடும் விசையை அழுத்தினாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஸ்பீக்கரில் கரகரப்பு வந்தது. அதன் பின்னாலேயே மரக்கட்டைக் குரலில், கொஞ்சமும் மன்னிப்புக் கேட்காமல், அப்பாசாமி பேச ஆரம்பித்தார். ரோகிணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் ஆதியம்மாளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"வுடு கண்ணு, மேலெல்லாம் மீன் கவுச்சி," என்றாள் ஆதியம்மாள். ஆனால் அவளும் விடவில்லை. "இந்தப் பொட்டிக்கா இப்டி அழுவற? அன்னிக்கு உன் கொயந்த போனப்பகூட நீ வாய்விட்டு அழுவலியே."

இந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்கிற ஒரே ஆள் அவள்தான். நெத்திலியை அளந்து போட்டுவிட்டுக் கூடையோடு கிளம்பினாள்.

ரோகிணி தொடர்கதையைத் திறந்து, கேசவன் தாண்டிய இடத்தைத் தேடிப் பிடித்தாள். அப்பாசாமி ஒரு வரி வாசித்தார். அவள் நிறுத்திவிட்டாள். நேற்றிலிருந்து இதற்குத்தானே தவித்தாள்! கைக்கு வந்ததும், தனியாகக் கேட்க மனம் வரவில்லை. இது அவள் ஒருத்தியின் காதுக்கு மட்டும் உரியது இல்லை.

மூன்று மணிக்கு மேல் கேசவன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குரல் கேட்டு, ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தான். "எப்படி? எப்படி ரோகிணி?"

"ரெண்டு முட்டை," என்றாள் அவள். பரணிதரன் சொன்னதையும் நண்டுக்காலையும் சொன்னாள். கேசவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு வாரம் ஊரெல்லாம் சுத்தினேன். ஒத்தை எழுத்தா?" என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ஒரு வாரமாகிவிட்டது.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ரோகிணி சொன்னாள். "என்னங்க, வடிவு கதையில நீங்க தாண்டிப் போனீங்களே, அந்த இடம் வேணும்."

கேசவன் பிடித்துக்கொண்டு நின்ற நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

"சக்கரம் உருண்டுச்சு, கேட்டேன். உங்களைப் படிக்கச் சொல்லல. அப்பாசாமி படிக்கட்டும். நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் விசையை அழுத்தினாள்.

அப்பாசாமி வாசித்தார். வடிவுக்கு உப்பளத்தில் வலி வந்தது, வண்டி கிடைக்கவில்லை, மருத்துவச்சி வந்தாள். எல்லாவற்றையும் ரேஷன் அட்டைப் பேர் போல வாசித்துக்கொண்டே போனார். "துணியில் சுற்றிய குளந்தையை வடிவின் புருஷன் கையில் கொடுத்தார்கள்," என்றார்.

"குழந்தை," என்றான் கேசவன்.

பழக்க தோஷம். ழ பிசகினால் தானாக வருவதுதான், தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். அவன் மூச்சு நின்று திரும்ப வந்தது. அப்பாசாமிக்கு அதெல்லாம் தெரியாது. "குளந்தையின் கண்கள் மூடியிருந்தன," என்று அடுத்த வரிக்குப் போனார்.

"குழந்தை," என்றான் கேசவன் மறுபடியும். இந்தத் தடவை ழ சரியாக விழவில்லை. குரல் உடைந்துவிட்டது.

ரோகிணி அப்பாசாமியை நிறுத்தினாள். தடவிப்போய் அவன் கையைப் பிடித்தாள். ஒன்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். நாக்கு பழைய ஊருக்குப் போய்விட்டிருந்தது.

"நம்ம கொயந்த யாரு மாரி இருந்துச்சி?"

கேசவன் திருத்தவில்லை. அவள் கையைத் தூக்கித் தன் ஈரமான கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"மூக்கு உன் மூக்கு," என்றான்.