ஆறேகால் தாண்டாத உடையார்கட்டு

பிரேமிளா பிறந்தது விசுவமடுவில், கணினி படித்தது வவுனியாவில். நாற்பது வயதில் கிளிநொச்சிப் பால் கம்பனி ஒன்றின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவியானாள். பிரிவில் அவளையும் சேர்த்து மூன்று பேர், இரண்டு மின்விசிறி. அதில் ஒன்று சுழலும்.

'தரவுப் பகுப்பாய்வுத் திறனை மேம்படுத்துக' என்று கொழும்புத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. மூவரும் எழுந்து நின்று வாசிக்காத குறை. கடைசி வரிதான் சுட்டது: மாத முடிவுக்குள் பயன் தெரியாவிட்டால் பிரிவு கொழும்புக்கு மாற்றப்படும். நாலு பசு, ஒரு கணவன், ஓ.எல். பரீட்சை எடுக்கவிருக்கும் மகள். இத்தனையையும் கொழும்பு மாடிவீட்டில் எங்கே கட்டுவது?

யார் எத்தனை மணிக்குப் பால் கொண்டுவருகிறார்கள் என்ற பதிவை வைத்து, பால் ஏற்றும் பவுசர் வண்டி போகும் நேரத்தைக் கணிப்பதே திட்டம். உடையார்கட்டுப் பால் சேகரிப்பு நிலையத்தின் வரைபு அழகோ அழகு. பால் கொடுக்கும் நாற்பத்திரண்டு பேரும் தினமும் மிகச் சரியாக ஆறேகாலுக்கு வந்திருந்தார்கள். மனித குலம் காணாத ஒழுங்கு. பவுசரை ஆறரைக்கு அனுப்பினாள். அது பாதி வயிற்றோடு திரும்பியது. பின்னால் வந்த பால் அங்கேயே திரைந்தது. இப்படி இரண்டு வாரம்.

பொறுக்கமாட்டாமல் ஸ்கூட்டியில் உடையார்கட்டுக்குப் போனாள். சேகரிப்பாளர் ராஜரத்தினம் தேத்தண்ணி கொடுத்து இருத்தினார். ஆட்கள் ஆறுதலாய் வந்துகொண்டிருந்தார்கள். அவர் எல்லாருக்கும் ஆறேகால் என்றே பதிந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, இப்ப ஏழு மணியாகப் போகுது."

"ஓம் பிள்ளை. ஆறேகாலுக்குப் பிறகு போட்டால் பால் துண்டிலை 'பிந்தியவர்' எண்டு சிவப்பிலை அடிக்குது. விமலேஸ்வரி கோயிலுக்குப் பூக் குடுத்திட்டு வாறவா. அவாவின்ரை கையிலை அதைக் குடுத்திட்டு நான் இந்த ஊரிலை இருக்கிறேல்லையே? முந்தி வாறவைக்கும் அதுதான். ஊருக்குள்ளை பாகுபாடு கூடாது."

பிரேமிளா கோப்பைக்குள் பார்த்தாள்.

"அந்தச் சிவப்பு நான் போட்டது, அண்ணை."

ராஜரத்தினம் பழைய துண்டொன்றைத் தூக்கிப் பார்த்தார். "நிறம் வடிவுதான்," என்றார்.

அன்றே சிவப்பு நீங்கியது. ஒரு வாரத்தில் உண்மை நேரங்கள் வந்து விழுந்தன. கடைசியாக வருபவர் விமலேஸ்வரி, ஆறு ஐம்பத்தைந்து. பவுசர் ஏழு பத்துக்குப் போய் வயிறு நிரம்பி வந்தது. பிரிவு கிளிநொச்சியிலேயே இருக்கட்டும் என்றது கொழும்பு. திறனை மேம்படுத்திய முறையை மட்டும் எழுதி அனுப்பும்படி கேட்டது.

பிரேமிளா பதினான்கு பக்கம் எழுதினாள். சிவப்பை எடுத்த செய்தி பதின்மூன்றாம் பக்கத்தில், அடிக்குறிப்பாக இருக்கிறது.