பூவுக்குள் வைத்த மைக்

இறந்தவர்களுக்குக் குளிர்பெட்டியும் அமரர் ஊர்தியும் ஏற்பாடு செய்து தரும் அலுவலகத்தில் போன் எடுப்பதுதான் அவள் வேலை. டிரைவர்கள் எல்லாருக்கும் அவள் 'போனக்கா'. எதிர்முனையில் யார் எப்படி அழுதாலும் பொறுமையாக விலாசத்தைக் கேட்டு வாங்கிவிடுவாள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வர முடியாத சாவுகள் அதிகமானபோது, வீடியோ எடுக்கும் வேலையையும் முதலாளி அவள் தலையில் கட்டினார். செல்போனைக் கையில் பிடித்தே எடுத்தாள். முதல் வீடியோவைப் பார்த்த ஒரு மகள், "எங்கம்மா முகமே நிக்கல. ஃபேன் சத்தந்தான் கேக்குது" என்று அழுதாள். போனக்கா அதைத் தன் புருஷனிடம் காட்டினாள். "படுத்திருக்கவங்க ஆடல, நீ ஏன் ஆடுற?" என்றான். சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

நல்ல சாமானாக வாங்கிக்கொள்ளச் சொன்னார் முதலாளி. கடையில் அலமாரி அலமாரியாகக் கேமராக்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றாள். கடைக்காரர் ஒரு பெரிய கேமராவை எடுத்துவைத்து, "என்ன எடுக்கப்போறீங்க?" என்றார்.

"சாவு வீடு."

அவர் அதைத் திரும்ப உள்ளே வைத்தார். "அப்ப உங்க போனே போதும்மா. ஆடாம இருக்க ஒரு ஸ்டாண்டு வாங்குங்க. மிச்சத்த மைக்குல போடுங்க. படம் மங்கலா இருந்தாலும் பாத்துருவாங்க. பேச்சு கேக்கலன்னாதான் பாக்க மாட்டாங்க."

ஒரு ஸ்டாண்டும், சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக் ஒன்றும் வாங்கினாள். அடுப்படியில் அதை வைத்துவிட்டு வாசலில் நின்று பதிவு செய்து பார்த்தாள். உள்ளே புருஷன் முணுமுணுத்ததுகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

அடுத்து வந்தது ஒரு பெரியவரின் சாவு. மகனுக்கு வெளிநாட்டில் விடுப்பு கிடைக்கவில்லை. படுக்கையில் கிடந்தவரை நாலு வருஷம் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டவள் மூத்த மகள். இறந்தவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தலைமாட்டில் வந்து நிற்பார்கள் என்பதால், போனக்கா அங்கிருந்த மாலையின் பூவுக்குள் மைக்கைச் செருகினாள். பேச்சு முடிந்ததும் வண்டியைப் பார்க்க வெளியே போனாள். ஸ்டாண்டில் இருந்த போனில் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம், தொடக்கத்தில் கொஞ்சத்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, முழுசாக மகனுக்கு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து அந்த மகள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"எந்தம்பிக்கு என்னத்த அனுப்புனீங்க?"

போனக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பேச்சு முடிகிறது, கூடம் காலியாகிறது. மகள் மட்டும் அப்பாவின் காதருகே குனிகிறாள். மைக்கில் அவள் கிசுகிசுப்பு எழுத்து பிசகாமல் கேட்டது.

"அப்பா, தம்பிகிட்ட பேசணும்னு கேட்டீங்கல்ல, லைன் கெடைக்கலன்னு சொன்னேன். நான் போனே போடல. தூக்கிக் குளிப்பாட்டுனவ நானு. அவன் குரலக் கேட்டாத்தான் உங்களுக்குச் சிரிப்பு வருது. என்னால அதப் பாக்க முடியல."

வீடியோவை நிறுத்தினாள் போனக்கா. "தப்பு எம்மேலதான். முழுசாப் பாத்துட்டு அனுப்பியிருக்கணும். அழிச்சிடறேன்."

"இங்க அழிச்சு என்ன ஆவப்போவுது? இனிமே எனக்கு அக்கா இல்லன்னு எழுதிட்டான். போனே எடுக்க மாட்டேங்கிறான்."

அதன்பிறகு போனக்கா எந்த வீடியோவையும் கடைசிவரை கேட்காமல் அனுப்பியதில்லை. தாமதமாகிறது என்று முதலாளி கடுகடுத்தார். அனுப்பக் கூடாதென்று வீடியோவிலிருந்து வெட்டி எறிந்ததையெல்லாம் அவளால் மறக்க முடியவில்லை. யார் யாரிடம் என்ன மன்னிப்புக் கேட்டார்கள் என்பதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த மகள் அவ்வப்போது அலுவலகத்துக்குப் போன் செய்வாள். "எந்தம்பி அங்க ஏதும் பேசுனானா?"

"இல்லம்மா."

முதல் சில தடவை, "பேசுவாரு, கவலப்படாதீங்க" என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.